காரணம் கேட்டே எங்களைக் களைக்க வைத்த கண்காணிப்பாளர் அம்மையாருக்கு

கோப்புகளின் கோட்டைக் காவலே! குறிப்பெழுதுவதில் குன்றாத கையே! முப்பத்தோராண்டுப் பணியில் ஒருமுறையும் முகம் சுளிக்காமல், எங்களை மட்டும் முகம் சுளிக்க வைத்த மூத்தவரே! இன்று மாலை ஐந்து மணியோடு பணி ஓய்வு பெறும் எங்கள் ஆய்வுக் கண்காணிப்பாளர் அம்மையீர், வணக்கம்!

பாராட்டு மடல் என்றால் பாராட்டத்தான் வேண்டும். அது தெரியாதவர்கள் அல்லர் நாங்கள். ஆனால் மூன்று நாள் முயன்றும், எழுதியதெல்லாம் புகாராகவே வந்து விழுகிறது. பொறுத்தருளுங்கள், பொறுக்க முடியாவிட்டாலும் கேட்டருளுங்கள்.

ஒருவருடைய தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்கக் காவல்துறை விரும்பினால், அந்தக் கோரிக்கை உங்கள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டவிட்டால்தானே! ‘தீவிரவாதத் தொடர்பு இருக்கலாம்’ என்று வந்தால், ‘எதனால் அப்படி நினைக்கிறீர்கள்? காரணம் எழுதுக’ என்று ஓரத்தில் எழுதித் திருப்புவீர்கள். ‘நம்பத்தகுந்த தகவல்’ என்று வந்தால், ‘நம்பியது யார்?’ என்பீர்கள். ஒரு தெருவையே கேட்டு வந்தால், ‘எந்த வீடு?’ என்பீர்கள். உங்களிடம் கத்தப் பயந்த அதிகாரிகள் எங்களிடம் கத்தினார்கள். கேட்டுக் கேட்டு எங்கள் காது புளித்துப் போயிற்று, அம்மையீர்!

எங்களில் அதிகம் அவதிப்பட்டவர் நம் முதுநிலை உதவியாளர். ஒவ்வொரு கோப்பையும் தூக்கிக்கொண்டு, “மேடம், அவசரம்!” என்று ஓடி வருவார். “அவசரம்னு போட்டிருக்கு, ஏன்னு போடலையே தம்பி. உக்காரு, மூச்சு வாங்கிக்கோ” என்பீர்கள். பெற்றோர் வைத்த பெயர் போய் அவருக்கு ‘அவசரம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. பதினேழு ஆண்டாக வீட்டுக்குப் போனதும் உங்களைத் திட்டிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

சரி, தாமதம் செய்பவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்றால் அதற்கும் வழி வைக்கவில்லை. ரயில் நிலையத்தில் குண்டு வைக்கப் போகிறார்கள் என்று காரணத்தோடு எழுதி வந்த கோரிக்கையை நின்றபடியே படித்து, எட்டே நிமிடத்தில் கையெழுத்திட்டீர்கள். அன்று மாலையே ஆள் பிடிபட்டான். உங்களைக் குறை சொல்வதில்கூட எங்களுக்கு ஒரு நிம்மதியைத் தரவில்லை நீங்கள்.

சந்தையில் குண்டு வெடித்ததைச் சொல்லாமல் விட முடியாது. ஆறு பேர் போனார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு, அந்தப் பகுதியின் நாலாயிரம் எண்களைக் கேட்டு, காரணமே எழுதாமல் ஒரு பட்டியல் வந்தது, திருப்பி அனுப்பினீர்கள். வெடித்த பிறகு பார்த்தால், குண்டு வைத்தவனின் எண் அந்த நாலாயிரத்தில் ஒன்றாக இருந்தது. அவசரம் உங்கள் முன்னால் நின்று எல்லோரும் கேட்கக் கத்தினார்: “அன்னைக்கு ஒரு கையெழுத்து போட்டிருந்தா அந்த ஆறு பேரும் இன்னைக்கு இருந்திருப்பாங்க மேடம்!”

“இருந்திருக்கலாம்” என்றீர்கள். “நாலாயிரம் பேர் பேச்ச ரெண்டு நாள்ல யாரு கேட்டு முடிச்சிருப்பா? எனக்குத் தெரியல தம்பி. உனக்குத் தெரியுமா?” என்றீர்கள். அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் இன்றுவரை தெரியவில்லை. மறுநாளிலிருந்து, ஒரு கோரிக்கையும் காத்துக் கிடக்கக் கூடாது என்று எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து அமர்ந்தீர்கள். ஆனால் காரணம் கேட்பதை மட்டும் விடவில்லை. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இப்போதும் எங்களுக்கு எரிச்சல்தான் வருகிறது.

இதெல்லாம் போதாதென்று சாவி விவகாரம்! அனுப்பியவரும் பெற்றவரும் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்ட செய்திகளைத் திறக்க, செயலி நிறுவனங்கள் அரசுக்கு ஒரு மாற்றுச் சாவி தர வேண்டும் என்று திட்டம் வந்தது. தீவிரவாதியைப் பிடிக்கத்தானே என்று நாங்கள் தலையாட்டினோம். நீங்களோ மூன்று பக்கத்துக்குக் குறிப்பெழுதினீர்கள்: ‘நம் அலமாரிச் சாவியே மூன்று முறை தொலைந்து, மூன்று முறையும் கேண்டீனில் கிடைத்தது. எல்லோர் வீட்டுக் கதவுக்கும் பொருந்தும் சாவியை எங்கே வைப்பதாக உத்தேசம்?’

அந்தக் குறிப்பு எப்படியோ பத்திரிகையில் வந்துவிட்டது. கொடுத்தது யார் என்று எங்களுக்குச் சத்தியமாகத் தெரியாது. நம் துறை இயக்குநர் அவர்களோ எங்கள் பதினான்கு பேரையும் சந்தேகித்து, ‘தீவிரவாதத் தடுப்பு’ என்று தலைப்பிட்டு, எங்கள் எண்களையே ஒட்டுக்கேட்கக் கோரி உங்களுக்கு அனுப்பினார். வாரம் ஒன்றாக மூன்று முறை வந்தது. மூன்று முறையும் திருப்பினீர்கள். அந்த மூன்று வாரமும் எங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டீர்களே, ஒரு வார்த்தை சொன்னீர்களா? போன வாரம் இயக்குநரே பொறுக்க மாட்டாமல், “உங்களுக்கென்னப்பா, அந்தம்மா இருக்கிற வரைக்கும் நீங்கல்லாம் ராஜா!” என்று நடைவழியில் வெடித்தபோதுதான் எங்களுக்கு விவரமே தெரிந்தது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

இன்று காலை பத்து மணிக்கு உங்கள் பொறுப்பை யாரிடம் ஒப்படைத்தீர்கள்? அவசரத்திடம்! ஒரு புத்திமதி சொல்லக் கூடாதா? “நாற்காலி லேசா ஆடும், பாத்து உக்காரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். பத்தரைக்கு எங்கள் பதினான்கு பேரின் பட்டியல் நான்காம் முறையாக வந்தது. அதில் முதல் எண் அவருடையது.

கையெழுத்திட்டால் பதினான்கு வீட்டுப் பேச்சும் வெளியே போகும். திருப்பினால், கசியவிட்டவனே தன்னைக் காப்பாற்றிக்கொண்டான் என்ற பெயர் வரும். வேலையும் போகலாம், படிக்கும் பிள்ளைகள் இருவர். தன் எண்ணுக்கு மட்டுமாவது கையெழுத்திட்டுத் தப்பித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தார் அந்த மனிதர். ஆனால் அவர் மனைவி தன் நோயைத் தங்கையிடம் சொல்லி அழுவதும் அந்த எண்ணில்தான். அந்த அம்மாவை எதற்கு ஒருவர் ஒட்டுக்கேட்க வேண்டும்? பேனாவை மூடினார். பிறகு மறுபடியும் திறந்து, ஓரத்தில் ஒரு வரி எழுதி, பதினான்கையும் திருப்பினார்.

பதினொரு மணிக்கு இயக்குநர் அழைத்து, “அப்போ குடுத்தது நீதானா?” என்றார். அவசரம் சொன்னார்: “என்மேல சந்தேகம்னா ஏன்னு எழுதிக் குடுங்க சார். என் நம்பருக்கு நானே முதல் ஆளா கையெழுத்து போடுறேன்.”

இதோ, உங்கள் பிரிவு விழாவின் இந்த மேடையில்தான் இயக்குநர் இருக்கிறார்; இன்னும் எழுதித் தரவில்லை. திங்கட்கிழமை என்ன ஆகுமோ தெரியவில்லை. நிம்மதியாக உங்களைத் திட்டிக்கொண்டு காலம் தள்ளிய ஒரு மனிதரை இப்படி ஆக்கிவிட்டீர்களே, இது நியாயமா? இனி எல்லோரும் அவரைத் திட்டுவார்கள். கோப்பு தாமதமானால் நாங்களும் திட்டுவோம்.

கண்ணும் காதும் காலும் கடைசிவரை உங்கள் சொல் கேட்டு நடக்க, கவலையின்றிக் கண்ணயர்ந்து, நீண்ட நெடுங்காலம் நலமோடு வாழுங்கள், அம்மையீர்! மகளோடும் பேரனோடும் தொலைபேசியில் மனம்விட்டுப் பேசுங்கள். யாரும் ஒட்டுக்கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டுமென்றால் அவசரத்தைத் தாண்டி வரட்டும்.

ஆற்றாமையோடும் அன்போடும்,
பட்டியலில் உள்ள பதினான்கு பேர்