சீராவுக்கு நான் போட்ட மார்க்

டாக்டர் நெவேனா, நம் லெஸ்கோவாட்ஸ் ஊரில் முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எந்தப் பிள்ளைக்கும் அரை மார்க் குறைத்துப் போட்டதில்லை. அதனால்தான் எங்கள் பூனை சீராவுக்காக நீங்கள் கொடுத்த தாளை என் மனைவி ஸ்போமென்கா என் கையில் தந்தாள்.

"நான் போட்டா எல்லாத்துக்கும் பத்து போட்ருவேங்க. நீங்கதான் நியாயமா போடுவீங்க," என்றாள்.

வலி இல்லாமை, பசி, தாகம், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். கீழே விழுந்ததில் இடுப்பெலும்பு உடைந்திருந்தாலும் ஆறு வாரம் கூண்டில் வைத்துப் பார்க்கலாம், மொத்தம் தொடர்ந்து முப்பத்தைந்துக்குக் கீழே போனால் மட்டும் அதைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்றீர்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் எனக்கும் பட்டது.

நீங்கள் விடுமுறையில் இருந்த வாரம் சீராவை ஒரேயடியாகத் தூங்கவைக்கும் கடைசி ஊசியைப் போட்டோம். உங்கள் இடத்தில் இருந்த டாக்டர் மருந்தின் அளவுக்காக எடை பார்த்து எழுதிவைத்திருக்கிறார். பசிக்குத் தினமும் இரண்டு மார்க் வாங்கிய பூனை இரண்டே வாரத்தில் முந்நூறு கிராம் ஏறியது எப்படி என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. என் வகுப்பில் இருந்திருந்தால் உங்களுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன்.

சீரா நன்றாகத்தான் சாப்பிட்டது.

எனக்குப் பொறாமை. சொல்வதில் வெட்கமில்லை. நான்கு வருடத்துக்கு முன் அது வந்த அன்றே கட்டிலில் என் தலையணை அதற்குப் போய்விட்டது. "என் ராசா, என் கண்ணு" என்பாள் அதனிடம். என்னிடம், "ஏங்க, குப்பைய கீழ கொண்டு போங்க." மீனின் நடுத்துண்டு அதற்கு, வால்பக்கம் எனக்கு. கீழ்வீட்டு மிலுங்கா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, நீங்களும் ஒரு வால் வெச்சுக்குங்க, நல்ல துண்டா கெடைக்கும்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜன்னலைத் திறந்தால் அடிக்கும் குறுக்குக் காற்று உடம்புக்கு ஆகாது என்று நம்மூரில் எல்லோருக்குமே பயம்தான். ஸ்போமென்காவுக்குக் கொஞ்சம் அதிகம். ஜூலை வெயிலிலும் ஜன்னலைத் திறக்க விடமாட்டாள், கழுத்து பிடித்துக்கொள்ளும் என்பாள். ஐந்தாவது மாடி, வலைகூடப் போடவில்லை. சீராவுக்கு ஜன்னல் என்றால் கண்ணாடி. அதில் மூக்கை வைத்துப் புறாவைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

செப்டம்பரில், குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைத்துவைக்கக் குடைமிளகாய் சுடும் நாளில் மட்டும் அவளும் சமையலறை ஜன்னலைத் திறப்பாள். நாற்பது கிலோ சுட்டால் புகை கண்ணைக் கரிக்குமே. அன்றும் பூனையைப் படுக்கையறையில் அடைத்துவிட்டுத்தான் சுட்டாள். முடிந்ததும் பூனையை அறையிலிருந்து திறந்துவிட்டு, பாட்டில் வாங்க மிலுங்கா வீட்டுக்கு இறங்கினாள். திரும்பும்போது ஜன்னல் திறந்திருந்தது, சீரா கீழே முற்றத்தில் கிடந்தது.

"மூடினேன்னுதாங்க நெனைச்சேன். பொகையில மறந்துட்டேனா?"

"விடு. யாருக்கும் மறக்கும்," என்றேன்.

சீராவைக் கூண்டில் வைத்த ஒன்பதாம் நாள் அவள் குளிக்கப் போயிருந்தாள். துணி மாற்றுவதற்காகக் கூண்டைத் திறந்தேன். சீரா முன்னங்கால்களால் ஊர்ந்து வந்து என் செருப்பின்மேல் முகவாயை வைத்தது. உறுமியது, சந்தோஷத்தில் உறுமுமே, அந்த உறுமல். நான்கு வருடத்தில் முதல் முறையாக என்னிடம் வந்தது. துணியை மாற்றி அதைத் திரும்பக் கூண்டுக்குள் வைத்தேன். பிறகு தாளை எடுத்து, மகிழ்ச்சி என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினேன்.

அவள் ஜன்னலை மறக்கவில்லை, டாக்டர். மூடித் தாழ்ப்பாளும் போட்டிருந்தாள். அவள் இறங்கிப்போனதும் நான்தான் திறந்தேன். அதற்கு முன் மூன்று நாள், அவள் கடைக்குப் போகும் நேரமாகப் பார்த்து, வெளி விளிம்பில் ரொட்டித் துகள் போட்டுப் புறாக்களைப் பழக்கியிருந்தேன். நான் சீராவைத் தொடவே இல்லை. எந்தப் பிராணியின் மேலும் நான் கை ஓங்கியது கிடையாது.

இதை அவளிடம் சொல்ல வேண்டாம். தன் தவறுதான் என்று தினமும் அழுகிறாள், நானும் தினமும் மன்னிக்கிறேன். அழும்போது என் தோளில் சாய்ந்துகொள்கிறாள். என் தலையணை எனக்குத் திரும்பிவிட்டது.

உங்கள் தாளில் ஒன்று மிச்சமிருந்தது. பழக்கதோஷம், இப்போது அவளுக்கு மார்க் போட்டு வருகிறேன். பசி இரண்டு. தூக்கத்துக்கு உங்கள் தாளில் இடமில்லை, நானே சேர்த்துக்கொண்டேன், அதற்கு ஒன்று. நடமாட்டம் மூன்று, பகல் முழுக்க அந்த ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். மகிழ்ச்சிக்கு மட்டும் தினமும் பத்துக்குப் பத்து. என்னோடுதானே இருக்கிறாள்.