இல்லாத ஓடையில் எருமை

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த நாட்கள் அவை. கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்பட்ட எங்கள் பஸ், ரோட்டில் வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தின் முன்னால் நின்றுவிட்டது. எல்லோரும் கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருக்க, எனக்கு முன் சீட்டிலிருந்த பெரியவர் மட்டும் கையிலிருந்த காகிதத்தால் விசிறிக்கொண்டே சொன்னார்:

"எங்கூர்ல ஓடையே இல்லியாம்."

"யாருண்ணே சொன்னது?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"எங்க டவுன் பஞ்சாயத்து ஆபீஸ்லதான். ஜவ்வரிசி மில்லுக்காரன் கழிவுத் தண்ணிய ஓடையில வுடறான். மாடு வாய வைக்க மாட்டேங்குது. இப்ப ஓடைக்கரை நெலத்தையும் மில்லு கட்டற எடமா மாத்தப் போறாங்களாம். மனு குடுத்தா, மேப்புல ஓடையே இல்ல, அப்புறம் எப்பிடி நாறும்னு கேக்கறாங்க."

"நேர்ல கூட்டிக்கினு போய் காட்ட வேண்டியதுதான?"

"கூப்புட்டன். நாத்தம் தாங்காதுன்னு ஒருத்தனும் வரல."

"அப்ப கையில இன்னா காகிதம்?"

"இதுவும் அதே ஆபீஸ்ல குடுத்ததுதான். ஓடையில எருமை கழுவி தண்ணிய அசிங்கப்படுத்திட்டன்னு எனக்கு நோட்டீஸ்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். "கிழிச்சிப் போடுண்ணே!"

"கிழிக்கறதா? ஓடைன்னு எழுதி சீல் குத்துன காகிதம் இது ஒண்ணுதான்யா இருக்குது. ஆமா, எருமைய கழுவுனது நாந்தான், இந்த ஓடையிலதான்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கத்தான் போய்க்கினு இருக்கறன்."