ஆர்டிஸின் கதவில் கட்டிய துணி

யூமாவில் குளிர்காலம் கழிக்க வருகிறவர்களுக்குக் காலையில் வேலையே கிடையாது, தம்பி. அதனால்தான் நாங்கள் வரிசையாக நின்று நடனம் ஆடுகிறோம். நவம்பர் பிறந்தால் மினசோட்டாவின் பனிக்குப் பயந்து, வண்டிவீட்டை ஓட்டிக்கொண்டு அரிசோனாவுக்கு வந்துவிடுவோம். மார்ச் வரை வண்டிவீடுகள் நிற்கும் இந்தப் பார்க்கில்தான் குடித்தனம். திங்கட்கிழமை சீட்டாட்டம். புதன்கிழமை எல்லை தாண்டி மெக்சிகோவில் பல் டாக்டர், அப்படியே அங்கே மீன் டாக்கோ சாப்பாடு. சனிக்கிழமை ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து. குறையென்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆர்டிஸ் எனக்குப் பக்கத்து வண்டி. இருவருமே கணவரை இழந்தவர்கள். தனியாக இருப்பவர்களுக்கு இங்கே ஓர் ஏற்பாடு உண்டு. காலையில் எழுந்ததும் கதவுப் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்ட வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். இருட்டியதும் அவிழ்த்துவிடலாம். துணி இல்லையென்றால் அவருக்கு ஜோடியாகக் குறித்த பக்கத்து வண்டிக்காரர் போய்த் தட்ட வேண்டும்; பதில் வராவிட்டால் தன்னிடமுள்ள சாவியால் திறக்க வேண்டும். அவள் சாவி என்னிடம், என் சாவி அவளிடம். இத்தனை குளிர்காலத்தில் நான் ஒருநாள்கூடப் பார்க்கத் தவறியதில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆர்டிஸ் நல்லவள்தான். வாய்தான் கொஞ்சம் நீளம். எங்கள் ஆட்டக்குழுவில் முன்வரிசை நடு இடம் அவளுடையது. நான் பின்வரிசையில் தூணோரம். நடனப் போட்டிக்கு முந்தின வாரம் பயிற்சியின்போது, தரை வழுக்குகிறது என்று நான் சொல்லப்போக, அவள் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ பின்னாடியே நில்லுடி மார்லிஸ். உன் கால் போற போக்குக்கு அந்தத் தூண்தான் தாங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. எழுபதைத் தாண்டிய கிழவிக்கு இதற்கெல்லாமா மனசு குமையும் என்று நினைப்பீர்கள். குமைந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

போட்டியன்று காலை அவள் கதவில் துணி இல்லை. தட்டத்தான் போனேன். துணி வெளி நாற்காலியில் மடித்தபடி கிடந்தது. அசந்து தூங்குகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். எழுப்பினால் வந்து முன்வரிசையில் நிற்பாள். சும்மா வந்துவிட்டாலோ, துணி இல்லாததைப் பார்த்து வேறு யாராவது எழுப்பிவிடுவார்கள். ஒருநாள், ஒரே ஒருநாள் அவள் தூங்கினால் குடியா முழுகிவிடும்? நானே துணியை எடுத்துக் கட்டினேன்.

வேன் கிளம்பும்போது ஆட்டம் சொல்லித்தரும் வெண்டல் கேட்டார்.

"எங்க ஆர்டிஸைக் காணோம்?"

"தலைவலியாம். நம்மளப் போயிட்டு வரச் சொன்னா."

"துணி கட்டியிருக்கு, அப்ப பரவாயில்ல. நீங்க முன்னாடி வந்துடுங்க மார்லிஸ். உங்கள விட்டா இப்ப யாரு இருக்கா?"

ஓர் அடிகூடப் பிசகாமல் ஆடினேன். இரண்டாம் பரிசு. படத்தில் நான்தான் நடுவில் நிற்கிறேன், பல்லெல்லாம் தெரிய. அந்தப் படத்தை இப்போது பார்க்க முடியவில்லை. திரும்பும் வழியில் எல்லோரும் பேரீச்சம்பழ மில்க் ஷேக் குடித்தோம். ஆர்டிஸுக்கும் ஒன்று வாங்கி வந்தேன்.

சாயங்காலம் துணி அப்படியே இருந்தது. கதவை மெதுவாகத் தட்டினேன். சத்தமே இல்லை. சாவி என் பையில்தான் இருந்தது. ஆனால் திறந்தால் காலையில் துணி கட்டியது யார் என்ற பேச்சு வரும். பார்க் முழுக்கச் சிரிக்கும். அவள் என்மேல் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள் என்று முடிவு செய்து, துணியை அவிழ்த்து மடித்து வைத்தேன். மில்க் ஷேக் கரைந்து வீணாகிக்கொண்டிருந்தது. நானே குடித்தேன்.

மறுநாளும் கட்டினேன். முதல்நாள் கட்டிவிட்டு மறுநாள் எப்படிக் கட்டாமல் விடுவது? அதற்கடுத்த நாளும் கட்டினேன். அன்றுதான் அவள் மகள் ரோண்டா, அம்மா போனை எடுக்கவில்லை என்று பார்க் மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் என்னிடம் சாவி கேட்க நிற்காமல் கதவை உடைத்துத் திறந்தார்.

போட்டிக்கு முந்தைய இரவே குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்றீர்கள். மறுநாள் மதியம் தாண்டியும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னீர்கள். அப்படிக் கிடந்தவள் வந்து துணி கட்டியிருக்க முடியாது என்பதும் சரிதான். நான் மறுக்கவில்லை.

ரோண்டா நேற்று வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பக்கத்துல நீங்க இருந்தீங்களே ஆன்ட்டி. எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல். 'மார்லிஸ் இருக்கா, நீ பயப்படாத'ன்னு அம்மா எப்பவும் சொல்லுவாங்க."

கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. அதனால்தான் நீங்கள் கூப்பிடுமுன் நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

முன்பு நீங்கள் விசாரித்தபோது, உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். முதல்நாள் காலை நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது குரல் வந்தது. "மார்லிஸ், நீயாடி?" என்றாள். சரளைக்கல்லில் என் நடை அவளுக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் அவள் கேட்டது அவ்வளவுதான், தம்பி. காப்பாற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கதவைத் திறந்திருக்க மாட்டேனா?