முகராசிக்காரன் சுரண்டின கண்ணாடி

நெருங்கி உட்காருங்க. பேய்னா ராத்திரிதான் வரும்னு எவன் சொன்னானோ... இது பட்டப்பகல்ல நடந்தது. மத்தியானம் மூணு மணி. தெருவுல ஈ காக்கா இல்ல. அந்த வெயில்ல தனியா நடந்து வர்றான் ஒருத்தன், ஒரு கையில ஆசிட் பாட்டில், இன்னொரு கையில பெயிண்ட் உரிக்கிற திரவம்.

என் சிநேகிதனோட சகலை அவன். துணிக்கடையில சேல்ஸ்மேன். கடையில அவனுக்குப் பேரு முகராசிக்காரன். அவன் மூஞ்சியைப் பாத்துத்தான் கூட்டம் வருதுன்னு முதலாளி என்னைக்கோ வாய் தவறிச் சொல்லித் தொலைச்சிட்டார். அன்னையிலேர்ந்து துரைக்குக் கால் தரையில படல. இப்ப கடை போர்டுல அவன் படத்தைப் போடப் போறாங்களாம், மறுநாள் காலையில போட்டோ எடுக்க ஆள் வருதாம். கேக்கணுமா?

வீட்டுல ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. செத்துப்போன மாமியாரோடது. அந்தம்மாவுக்கு இவனைக் கண்டாலே ஆகாது. சாகிற வரைக்கும் இவன் மூஞ்சியை நேரா பார்த்ததில்ல. கண்ணாடி முன்னால உக்காந்து தலை சீவிக்கிட்டே, அதுல தெரியிற இவன்கிட்டதான் பேசும். அதுவும் ரெண்டு வார்த்தை. நல்ல மனுஷி... ஆளை எடை போடத் தெரிஞ்சவங்க.

அந்தக் கண்ணாடி மேல துரைக்கு ஒரு யோசனை. நடுவுல முட்டை வடிவத்துல ரசத்தைச் சுரண்டி எடுத்துட்டு, பின்னால தன் போட்டோவை ஒட்டறது. எங்கேயோ பார்த்திருக்கான். பொண்டாட்டி கெஞ்சினா. வேணும்னா ஓரத்துல சுரண்டிக்கோங்க, நடுவுல வேணாம், அம்மா முகம் தினமும் அங்கதான் விழும்னா.

"இனிமே என் முகம் விழட்டும்"னான்.

அவ சமையலறைக்குள்ள போயிட்டா.

கட்டில்ல கோடு போட்ட போர்வையை விரிச்சு, கண்ணாடியைக் குப்புறப் போட்டான். திரவத்தைத் தடவினதும் பின்பக்கப் பெயிண்ட் தோல் தோலா சுருண்டு வந்துச்சு. உள்ள பளபளன்னு ரசம். தெரிஞ்சவன்னா பஞ்சுல ஆசிட் தொட்டு மெதுவா துடைப்பான். இவனுக்கு எங்க பொறுமை? பிளேடை எடுத்துட்டான்.

கிர்ர்... கிர்ர்...

கையை நிறுத்தினான்.

கிர்ர்... இன்னொரு தடவை கேட்டுச்சு. கண்ணாடிக்கு அடியிலேர்ந்து.

எலின்னு சொல்லிக்கிட்டான். கட்டில் மேல, கண்ணாடிக்கு அடியில எலியாம்... அறிவைப் பாருங்க. ஆசிட் நெடி எங்கயோ போச்சு, அறை முழுக்கத் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை. அவசர அவசரமா பஞ்சால துடைச்சான். மிச்ச ரசமும் போச்சு. வெறும் கண்ணாடி. அது வழியா கீழ இருக்கிற போர்வை தெரியணுமா இல்லையா?

போர்வை தெரியல. ஒரு கண்ணு...

மாமியார் அவனை நேரா பார்த்தது அதுதான் முதல் தடவை.

போட்டோவை அந்த இடத்துல குப்புற வச்சு அமுக்கி, டேப் போட்டு ஒட்டி, கண்ணாடியை நிமித்திச் சுவத்துல சாய்ச்சான். எல்லாம் ஆசிட் புகை பண்ற வேலைன்னு மனசைத் தேத்திக்கிட்டான். பொண்டாட்டிகிட்ட மூச்சு விடல. பயந்துட்டேன்னு சொன்னா கௌரவம் என்ன ஆகிறது?

மறுநாள் காலையில சவரம் பண்ணலாம்னு குளியலறைக் கண்ணாடி முன்னால நின்னான். பனியன் தெரியுது. கழுத்து தெரியுது. அதுக்கு மேல... பின்னால இருக்கிற சுவரு தெரியுது.

ஓடிப்போய்ப் பெரிய கண்ணாடியைப் பார்த்தான். போட்டோவுல கோட்டு இருக்கு, டை இருக்கு. காலருக்கு மேல வெறும் வெள்ளைக் காகிதம்.

வாசல்ல போட்டோக்காரன் மணி அடிக்கிறான். இவன் பொண்டாட்டி கையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவகிட்ட எதுக்கும் கெஞ்சாதவன், கெஞ்சுறான்.

"என் முகம்... உனக்காவது தெரியுதா? சொல்லு."

அவ கிட்ட வந்து, நிதானமா, அப்படியும் இப்படியும் பார்த்தா.

"தெரியுதுங்க. காது ஓரத்துல மட்டும்... லேசா உரிய ஆரம்பிச்சிருக்கு."