பத்தொன்பது நாளா நிக்கிற ஆறு

...அதான் சொல்றேன், ஆத்துல தண்ணி ஓடுறது கண்ணுக்குத் தெரியும்னு உலகம் பூரா நம்பிக்கிட்டு இருக்கே, அது தப்பு அண்ணே. சாதாரணத் தப்பில்ல, தலைமுறை தலைமுறையா வர்ற தப்பு. தண்ணி ஓடுறதை யாருமே பாத்ததில்ல. நீங்களும் பாத்ததில்ல. தண்ணிமேல போற இலையப் பாத்திருப்பீங்க, குச்சியப் பாத்திருப்பீங்க, நுரையப் பாத்திருப்பீங்க. ஒண்ணும் மிதக்கலைன்னா ஆறும் கண்ணாடியும் ஒண்ணுதான்.

சிரிக்காதீங்க. அந்தக் காலர் சுருங்குது பாருங்க... சுருங்கலையா? சரி, நீங்க பாட்டுக்கு இஸ்திரி போடுங்க. நான் பாட்டுக்குப் பேசறேன்.

படகுத்துறையில ஒரு கம்பம் நிக்குதுல்ல, உச்சியில கேமராவோட? அதைப் பாத்துக்கறதுதான் என் உத்தியோகம். பாதிப் பேரு அது திருடனைப் பிடிக்க வச்சதுன்னு நெனச்சுக்கிட்டு, அதுக்கு முன்னாடி வந்ததும் சட்டையச் சரிபண்ணிக்கறாங்க. அது ஆத்தைத் தவிர யாரையும் பாக்காது. காலைல ஏழு மணிக்குப் பத்து நொடி படம் எடுக்கும். இந்தப் படத்துல இங்க இருந்த நுரை அடுத்த படத்துல எங்க போயிருக்குன்னு கம்ப்யூட்டர் தேடும். கரையில வெள்ளையடிச்ச கல்லு நாலு இருக்கு. அதுங்களுக்கு நடுவுல எத்தனை மீட்டர்னு அதுக்குத் தெரியும். தூரம் தெரியும், நேரம் தெரியும், வகுத்தா வேகம். பள்ளிக்கூடத்துக் கணக்கு. நொடிக்கு ஒன்றரை மீட்டருக்குக் கீழ இருந்தா படகு போகலாம். மேல போனா கூடாது.

சைபர்னு வந்தா?

அங்கதான் என் வயிறு எரியுது. சைபர்னா ஆறு சாந்தமா இருக்கு, படகு போகட்டும்னு நீங்க சொல்லுவீங்க. தலைமை அலுவலகம் என்ன சொல்லுது தெரியுமா? ஆறு நிக்காது, அதனால அளவு வரலைன்னு அர்த்தம், அளவு வராத நாள்ல படகை அவிழ்க்கக் கூடாது. நியாயம்தான், இல்லேங்கல. ஆனா பத்தொன்பது நாளா சைபர் அண்ணே! பத்தொன்பது நாள்! படகுக்காரர் படகைக் கரையில கவுத்துப் போட்டு அதுமேல படுத்துத் தூங்கறாரு.

உங்களுக்கென்ன, நீங்க இந்தக் கரை. எங்க நாத்தனார் அந்தக் கரை. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்னு வந்தாங்க. நல்ல மனுஷிதான், குத்தம் சொல்லக் கூடாது... ஆனா குத்தம் சொல்லாம எப்படிச் சொல்றது? மூணாம் நாளு என் சமையலறை டப்பாவெல்லாம் உயரப்படி அடுக்கிட்டாங்க. உப்பு எதுன்னு மூடியத் தெறந்து நக்கிப் பாத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். எட்டாம் நாளு, எங்க வீட்டுக்காரர் இளைச்சுட்டாராம். "என் தம்பி என் கண்ணு முன்னாடியே கரையறான்"னாங்க. அந்த மனுஷன் கண்ணாடிகிட்ட போய் நின்னு, தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டு, "ஆமா, கொஞ்சம் கரைஞ்சுதான் போயிட்டேன்"னு சொல்றாரு!

பாலம் வழியா அனுப்பலாமேன்னு கேப்பீங்க. சுத்திப் போனா எண்பது கிலோமீட்டர். பஸ்ஸுல ஏறி உக்காந்தாலே அவங்களுக்குக் குமட்டும். "ஏன் அண்ணி, வண்டி இன்னும் கிளம்பக்கூட இல்லையே"ன்னேன். "கிளம்பப் போகுதுல்ல"ன்னாங்க.

ஏதாவது மிதக்க விட வேண்டியதுதானேன்னு... விட்டேனே! ஒரு கூடை இலை. கரையில நின்னு கொட்டினேன். எல்லாம் ஒதுங்கி என் காலடியிலயே கூடி நின்னுச்சு. கம்ப்யூட்டர் அதையும் பாத்து சைபர்னுச்சு. அது சொன்னதும் சரிதான். நடு ஆத்துல கொட்டணும். நடு ஆத்துக்குப் போகப் படகு வேணும். படகு போக வேகம் வேணும். வேகம் தெரிய இலை வேணும். புரியுதா என் நிலைமை?

இப்போ விஷயத்துக்கு வர்றேன். முன்னாடி மட்டும் எப்படி அளவு வந்துச்சு? உங்களாலதான் அண்ணே! உங்க சலவைத் தண்ணிக் குழாய் படகுத்துறைக்கு மேல்பக்கமா நடு ஆத்துல போய்த் திறக்கும்ல... ஆறரைக்கு நீங்க முதல் மிஷினை ஓட்டித் தண்ணிய விட்டா, ஏழு மணிக்கு என் கேமராவுக்குக் கீழ நுரை கட்டி கட்டியா, வரிசை கலையாம... என்ன நுரை! சட்டைப் பட்டனைத்தான் நொறுக்குவீங்களே தவிர நுரையில உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. அப்போ அருமை தெரியல.

தெரியலைன்னா... படத்துல ஆறு அழுக்காத் தெரியுதேன்னு இருந்துச்சு. எனக்குப் படம் பளிச்சுன்னு இருக்கணும். படிச்ச திமிரு. அதனால... யாரோ நகராட்சிக்கு நாலு பக்கம் எழுதிப் போட்டாங்கல்ல, சலவைக்கடை நுரையால ஆறு நாசமாகுதுன்னு, அடிக்குறிப்பெல்லாம் போட்டு, அதைப் பாத்துத்தானே ஆத்துல தண்ணி விடக்கூடாதுன்னு உங்களை நிறுத்தினாங்க... யாருன்னு நீங்க வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் விசாரிக்கிறீங்களாமே...

நான்தான்.

இஸ்திரிப்பெட்டிய முதல்ல நிமித்தி வையுங்க அண்ணே, துணி தீயுது.

எழுதினதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. மீன் செத்து மிதந்ததும் உண்மை. ஆனா நாளைக்குக் காலைல மட்டும், ஒரே ஒரு மிஷின்... ஒரே ஒரு வாளி... அளவு வந்ததும் அண்ணியப் படகுல ஏத்திட்டு, நான் வாயே தெறக்க மாட்டேன்...

என்ன? குழாயையே அடைச்சாச்சா? சிமெண்ட் வச்சா? நகராட்சி ஆளுங்க பக்கத்துலயே நின்னு... "நிரந்தரமாக அடைக்க வேண்டும்"னு கடுதாசியில கேட்டிருந்துச்சா...

ஆமா. கேட்டிருந்தேன். அடிக்கோடு கூடப் போட்டேன்.

...

சரி. இந்தப் பையில எங்க நாத்தனார் துணி எட்டு இருக்கு. துவைச்சுத் தேய்ச்சு வையுங்க. ரசீதுல அவங்க பேரையே எழுதிக்கோங்க. இனிமே அவங்களே வந்து வாங்கிக்குவாங்க.