ஒரு தெருவுக்கு மட்டும் ஓடிய விளம்பரம்

என் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. இதைச் சொன்னால் என்னோடு வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். நாள் முழுக்க அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வீட்டில் கொஞ்சம் அமைதி வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் வக்கீல், உங்களுக்குப் புரியும். இந்த அறைகூட அமைதியாகத்தான் இருக்கிறது.

என் வேலை தொலைக்காட்சியில் நேரம் வாங்குவது. அதிபர் தேர்தல் வந்தால் பென்சில்வேனியா மாநிலம் முழுக்க எங்கள் வேட்பாளருக்கு விளம்பர நேரம் பிடித்துக் கொடுப்பேன். பக்கத்தில் நியூயார்க்கில் யார் ஜெயிப்பார்கள் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அங்கே நாங்கள் ஒரு காசு போடுவதில்லை. பென்சில்வேனியா எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் நாட்டுப் பணமெல்லாம் அங்கே வந்து கொட்டும். அதிலும் ஈரி நகரம் ஒவ்வொரு முறையும் மயிரிழையில்தான் முடியும். ஆகஸ்டிலிருந்தே அந்த ஊர்க்காரர்கள் எங்களைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள். திட்டட்டும், பார்க்கிறார்கள் அல்லவா?

கோரின் ஷிமான்ஸ்கி அந்த ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே மகன் ட்ராய் போதை மாத்திரையால் இறந்துபோனவன். எங்கள் விளம்பரம் எளிமையானது: எதிர் வேட்பாளர் எல்லையைத் திறந்துவிட்டார், விஷ மாத்திரை உள்ளே வந்தது, இந்தத் தாய் பிள்ளையைப் பறிகொடுத்தார். படம்பிடிக்கப் போன அன்று எங்களுக்காக பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டி உருண்டைகள் சுட்டு வைத்திருந்தார். நன்றாக இருந்தன, நான் கேட்டு வாங்கித் தின்றேன்.

ட்ராயின் கடைசிக் குரல்பதிவு அவருடைய போனில் இருந்தது.

"அம்மா, வெளிய குளிர் கொல்லுது. கதவப் பூட்டிடாத, வந்துட்டே இருக்கேன்."

அவன் வரவில்லை. அதைக் கேட்டதும் எங்கள் ஒளிப்பதிவாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நான் பதிவின் நீளத்தை அளந்துகொண்டிருந்தேன். அரை நிமிட விளம்பரத்துக்குள் அழகாக அடங்கியது.

"இத எத்தன தடவ போடுவ, கண்ணு?" என்று கோரின் கேட்டார்.

"கொஞ்ச தடவதான்."

"ஆறு மணி செய்தில ஒரு வாட்டி வந்தாப் போதும். நாலு அம்மாமாருங்க பாத்தா சரி."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஈரியில் எல்லோருக்கும் இந்தத் தவறு உண்டு. தேர்தல் விளம்பரத்தால் மூச்சு முட்டிக் கிடப்பார்கள், ஆனால் தங்கள் முகம் வந்தால் மட்டும் ஒரே ஒரு தடவை வரும் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரைத் திருத்த எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பரில் அந்த விளம்பரத்திலிருந்து தப்ப ஈரியில் இடமில்லை. காலைச் செய்தி, கால்பந்து ஆட்டத்தின் இடைவேளை, பல் மருத்துவரின் காத்திருப்பு அறை, பெட்ரோல் பம்பில் இருக்கும் குட்டித் திரை என எல்லா இடத்திலும் ட்ராய் வந்துகொண்டே இருந்தான். பேருந்தில் ஒரு பையன் அந்தக் குரலைப் பேசிக் காட்டினானாம். கோரின் வண்டியை ஓரங்கட்டி அழுதிருக்கிறார். அன்று எனக்குப் போன் செய்தார்.

"கிரேடி, பெட்ரோல் போட நிக்கிறேன், பம்புலேர்ந்து எம்புள்ள பேசுறான். பின்னாடி நிக்கிறவன் ஹார்ன் அடிக்கிறான். நிறுத்திடு, கண்ணு."

"இன்னும் கொஞ்ச நாள்தான், கோரின்."

"போன வாரமும் இதேதான் சொன்ன. கிளிப்பிள்ளையா நீ?"

அவர் தொலைக்காட்சி நிலையத்துக்கே போய்க் கேட்டுப் பார்த்தார். வேட்பாளர் தன் பெயரில் தரும் விளம்பரத்தை மறுக்கவோ வெட்டவோ நிலையத்துக்குச் சட்டம் இடம் தருவதில்லை. அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். நல்ல சட்டம் அது.

அதற்கப்புறம்தான் அவர் சிக்கலானார். ரயில் எஞ்சின் ஆலையில் ட்ராயின் தோள் நசுங்கியபோது உள்ளூர் டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில்தான் அவன் பழக்கமே தொடங்கியது. படப்பிடிப்பில் கோரின் அதையும் சொன்னார். நான் வெட்டிவிட்டேன்.

"அத ஏன்டா வெட்டுன? எம்புள்ளயக் கெடுத்தது எல்லை இல்ல, இந்த ஊரு டாக்டரு. நான் டிவில உக்காந்து அதச் சொல்லத்தான் போறேன்."

சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் மயிரிழையில் முடியும் ஊரில் ஒரு தாய் அப்படிப் பேசினால் மாநிலம் கைநழுவும். அதுவரை கொட்டிய பணம் அத்தனையும் தண்ணீரில் போகும். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்கிறீர்கள்?

இப்போதெல்லாம் விளம்பரத்தை ஊருக்கு அனுப்புவது போலவே வீட்டுக்கும் அனுப்பலாம். எந்தப் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று கேபிள் நிறுவனத்துக்குத் தெரியும். ஒற்றை முகவரி கொடுத்தால் மட்டும் வாங்கமாட்டார்கள். அந்தரங்கத்தைக் காப்பாற்ற அப்படி ஒரு விதி. அதனால் அவர் தெரு முழுவதையும் கொடுத்தேன். அக்கம்பக்கத்தார் பாவம், அவர்களும் கேட்க வேண்டியதாயிற்று. அந்தத் தெருவுக்கென்று தனியாக ஒரு விளம்பரம் செய்தேன். முகமில்லை, அரசியல் இல்லை. கறுப்புத் திரை, ட்ராயின் குரல், கடைசியில் "இந்த விளம்பரத்துக்கு என் ஒப்புதல் உண்டு" என்று வேட்பாளர் சொல்லும் ஒரு வரி. அந்த வரி இல்லாமல் ஓட்ட முடியாது. ராத்திரி பகலாக ஓடவிட்டேன்.

தூக்கம் கெட்ட பெண் கேமரா முன்னால் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். அப்படியேதான் நடந்தது. உள்ளூர் நிருபர் வீட்டுக்கு வந்து பேட்டியைத் தொடங்கினார். டாக்டரைப் பற்றிச் சொல்ல வந்த கோரின் பாதியில் நிறுத்தி, "இருங்க, வந்துட்டான்" என்று எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைத்தார். அணைத்து வைத்திருந்த தொலைக்காட்சியிலிருந்து அவருக்குக் குரல் கேட்டிருக்கிறது. நிருபர் மானமுள்ளவர், அதை ஒளிபரப்பவில்லை.

அத்தோடு என் வேலை முடிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். நீங்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை, உங்களை வக்கீலாக அமர்த்தியிருக்கும் பெவ், கோரினின் தங்கை, எனக்குப் போன் செய்தார்.

"யோவ், நான் டிவி வயரப் புடுங்கிப் போட்டா அவ மறுபடி மாட்டிக்கிறாய்யா. வேலைக்குப் போகல, ஒரு வாய் சூப்புகூட இறங்கல. அது முன்னாடியே உக்காந்து கெடக்கா. நீ நிறுத்துனாத்தான் எங்கக்கா எந்திரிப்பா."

"வார இறுதியில ஆஃபீஸ் கிடையாது, பெவ். திங்கக்கிழமைதான்."

"மனுஷனாய்யா நீ?"

அலுவலகம் தேவையில்லை. நிறுத்தும் பொத்தான் நான் பேசிக்கொண்டிருந்த போனிலேயே இருந்தது.

திங்கள் காலையில் பெவ் போனபோது கோரின் நாற்காலியிலேயே இறந்துகிடந்தார். ட்ராய்க்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பழைய மாத்திரைக் குப்பி மடியில் காலியாகக் கிடந்தது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் தேர்தலில் நாங்கள் பென்சில்வேனியாவில் தோற்றோம்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வீடும் விளம்பரத்தை எதுவரை பார்த்தது என்று கேபிள் நிறுவனம் எனக்குக் காட்டும். அந்தத் தெருவில் மற்ற வீடுகளெல்லாம் குரல் தொடங்கியதுமே சேனலை மாற்றின. கோரின் வீடு ஒருமுறைகூட மாற்றவில்லை. கடைசி வரை கேட்டது, அடுத்தது வரும்வரை அதே சேனலில் காத்திருந்தது. பெவ் சொல்வதற்கு முன்பே, அவர் எழுந்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இது எங்கே போய் முடியும் என்றும் தெரியும். பெவ்விடம் பேசி முடித்ததும் அதே போனில் அந்தத் தெருவுக்கான விளம்பரத்தை இரண்டு மடங்காக்கினேன்.

ஆம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் தன் மகனின் குரலைக் கேட்க விரும்பினார் என்பதையும் கூடவே எழுதுங்கள். அந்தத் தேர்தல் முழுக்க ஒரு தாயின் மனதை அறிந்து பணம் செலவழித்தவன் நான் ஒருவன்தான்.