பாலாறு லைன்

ஜாஸ்மின்: அந்தக் கதவு இல்லைங்க... மொட்டை மாடிக்கு இந்தப் பக்கம்.

ராஜேஷ்: சாரிங்க. மேல போய் ரெண்டு பேரும் பேசிட்டு வாங்கன்னு உங்க அப்பா சொன்னாரு. கைக்கு எட்டின கதவ தொறந்துட்டேன். ...இது இன்னாங்க?

ஜாஸ்மின்: ஒண்ணும் இல்ல. சாமான் ரூம்.

ராஜேஷ்: சாமான் ரூம்ல ரயில் ஓடுதே.

ஜாஸ்மின்: ஓடல. நிக்குது.

ராஜேஷ்: சரி, நிக்குது. உள்ள போய் பாக்கலாமா?

ஜாஸ்மின்: பொண்ணு பாக்க வந்தீங்களா, ரூம் பாக்க வந்தீங்களா?

ராஜேஷ்: பொண்ண கீழயே பாத்துட்டேன். கேசரி கொண்டாந்து குடுத்தாங்க. நல்லா இருந்தது.

ஜாஸ்மின்: கேசரியா?

ராஜேஷ்: ரெண்டும்.

ஜாஸ்மின்: ...வாங்க. மொட்டை மாடில வெயில் தாங்காது. அந்த ஒயர மட்டும் மிதிச்சிடாதீங்க.

ராஜேஷ்: யப்பா. மூணு செவுத்துக்கும் பலகை போட்டிருக்கு. யாரோடது இதெல்லாம்?

ஜாஸ்மின்: தம்பியோடது. ஓசூர்ல வேலை பாக்கறான். லீவுக்கு வந்தா ஓட்டுவான்.

ராஜேஷ்: ஓ... பொம்மை ரயிலா?

ஜாஸ்மின்: பொம்மை இல்ல. மாடல்.

ராஜேஷ்: இன்னா வித்தியாசம்?

ஜாஸ்மின்: பொம்மைன்னா குழந்தைங்க ஓட்டறது. மாடல்னா நெஜத்த அளந்து, அதுல எம்பத்தேழுல ஒரு பங்கா சின்னதாக்கி செய்யறது. ரயில் மட்டும் இல்ல, மரம், வீடு, ஆளு, எல்லாமே அந்தக் கணக்குதான். ...தம்பி சொல்லுவான்.

ராஜேஷ்: தம்பி நல்லா சொல்லிக் குடுத்திருக்காரு. இருங்க, இது நம்ம ஆம்பூர் ஸ்டேஷன்தானே?

ஜாஸ்மின்: கண்டுபுடிச்சிட்டீங்களே.

ராஜேஷ்: மஞ்சப் போர்டுல எழுதியிருக்கே.

ஜாஸ்மின்: ...அதுவும் சரிதான்.

ராஜேஷ்: இந்த ஷெட்டு?

ஜாஸ்மின்: டேனரி. மேல பலகைக்கு நடுவுல சந்து சந்தா விட்டிருக்கு பாருங்க. காத்து போகணும், தோல் காயணும்ல.

ராஜேஷ்: இது ஆறு. பாலாறா? தண்ணி இல்லயே.

ஜாஸ்மின்: நெஜத்துல மட்டும் ஓடுதா?

ராஜேஷ்: கரெக்ட். மணலு கூட அப்படியே இருக்கு.

ஜாஸ்மின்: மணல் இல்ல அது. தோல மெஷின்ல தேய்க்கும்போது பறக்கற தூள். எங்க பாக்டரில மூட்டை மூட்டையா தூக்கிப் போடுவாங்க. நான் கொஞ்சம் கவர்ல கட்டி எடுத்தாந்தேன். ...தம்பி கேட்டான்னு.

ராஜேஷ்: மலையும் தோல்தானா?

ஜாஸ்மின்: தோல்தான். ஸ்வேட், மெத்துனு இருக்குமே, அந்த வேஸ்ட் துண்டு. பச்சையும் பழுப்பும் மாத்தி மாத்தி ஒட்டிட்டு, பிரஷ்ஷால ஒரு பக்கமா தள்ளினா புல்லு காத்துக்கு சாஞ்ச மாதிரி தெரியும். தொட்டுப் பாருங்க.

ராஜேஷ்: ...பூனை முதுகு மாதிரி இருக்கு.

ஜாஸ்மின்: ரொம்ப தடவாதீங்க. காடு எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பிடும்.

ராஜேஷ்: பாக்டரில உங்களுக்கு இன்னா வேலைங்க?

ஜாஸ்மின்: பேட்டர்ன். ஷூவுக்கு ஒவ்வொரு துண்டையும் மொதல்ல அட்டைல அளந்து வெட்டறது.

ராஜேஷ்: அப்ப அளவுல நீங்க கெட்டி.

ஜாஸ்மின்: தம்பியும் கெட்டிதான்.

ராஜேஷ்: அதானே. தம்பிக்குக் கல்யாணம் ஆனா இதெல்லாம் இன்னா ஆவும்?

ஜாஸ்மின்: அதுதான் பேஜாரே. ஒரு எடத்துல பேசினாங்க. வந்தவங்க இத பாத்து சிரிச்சிட்டாங்க. "இந்த வயசுல விளையாட்டா"ன்னு அந்தம்மா கேட்டாங்க. "இத எடுத்துட்டா இங்க ஒரு பீரோ போடலாம்"னு அந்த ஆளு சொன்னாரு. அதோட போச்சு.

ராஜேஷ்: அக்காவுக்கு முடிக்கறதுக்கு முன்னாடியே தம்பிக்குப் பொண்ணு பாத்தாங்களா?

ஜாஸ்மின்: எங்க வீட்ல அப்படித்தான்.

ராஜேஷ்: தம்பிக்கு இன்னா வயசு ஆவுது?

ஜாஸ்மின்: நீங்க ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கறவரா, இல்ல போலீஸா?

ராஜேஷ்: எக்ஸ்ரேதாங்க. அந்த ஷெல்ஃப்ல தனியா இருக்கே, சிவப்பு இன்ஜின்... அது தகரமா?

ஜாஸ்மின்: தகரம்தான். இது மாடல் இல்ல, அசல் பொம்மை. சாவி குடுத்தா ஓடும். ரொம்பப் பழசு. வேலூர்ல சமீருல்லா பாய்னு ஒருத்தர் பழைய சாமான் கடை வெச்சிருக்காரு. அங்க ஒடைஞ்ச தையல் மெஷினுக்கு அடில கெடந்தது.

ராஜேஷ்: சாவி குடுத்துப் பாக்கவா?

ஜாஸ்மின்: பாருங்க... மெதுவா... போதும், போதும். ஜாஸ்தி சுத்தாதீங்க. கைல லேசா ஒரு இறுக்கம் தட்டும், அங்கயே விட்டுடணும். பழைய ஸ்ப்ரிங்.

ராஜேஷ்: தம்பி சொன்னாரா?

ஜாஸ்மின்: இத நம்ம கையே சொல்லும். ...அவன் இல்லாதப்ப நான்தானே தொடச்சி வைக்கறேன்.

ராஜேஷ்: நல்ல வேளை, புதுசா பெயின்ட் அடிக்கல. அடிச்சிருந்தா மதிப்பே போயிருக்கும்.

ஜாஸ்மின்: இன்னா சொன்னீங்க?

ராஜேஷ்: இல்ல... பழசுன்னா பழசாவே இருந்தாதான் அழகுன்னு.

ஜாஸ்மின்: ம். கரண்ட்ல ஓடறத ஓட்டிக் காட்டட்டுமா?

ராஜேஷ்: நீங்க ஓட்டுவீங்களா?

ஜாஸ்மின்: ஒரு பட்டன்தானே. ...பாருங்க, வாணியம்பாடி பக்கத்துல இருந்து வருது. மலைய சுத்தி... பாலத்து மேல... இந்த ரயில்வே கேட்ட தாண்டினா ஸ்டேஷன். ...ச்ச. இங்கயேதான் கவுந்துக்கும், எப்பவும். தண்டவாளத்த எத்தனையோ வாட்டி மாத்திப் போட்டாச்சு.

ராஜேஷ்: தண்டவாளம் இல்லைங்க. ரெண்டாவது பெட்டியோட வீலு. ஒரு பக்கம் உள்ள தள்ளியிருக்கும். ரெண்டு வீலுக்கும் நடுவுல கேஜ் வெச்சு அளந்தீங்களா?

ஜாஸ்மின்: கேஜா?

ராஜேஷ்: ...பொதுவா சொன்னேன்.

ஜாஸ்மின்: பொதுவா.

ராஜேஷ்: சைக்கிள் வீலு கூட அப்படித்தானே ஆவும்.

ஜாஸ்மின்: உங்க ஊரு பாகாயத்துல சைக்கிள் வீலுக்கெல்லாம் கேஜ் வெச்சுப் பாப்பாங்களா?

ராஜேஷ்: ...அந்தப் பெட்டிய குடுங்க. நகத்தால இப்படி வெளிய இழுத்து... இப்ப விடுங்க.

ஜாஸ்மின்: போகுது... போகுது... கேட்ட தாண்டிடுச்சி.

ராஜேஷ்: தாண்டிடுச்சில்ல.

ஜாஸ்மின்: கிறிஸ்மஸ்ல இருந்து மண்டைய ஒடச்சிக்கிட்டு இருக்கேன்.

ராஜேஷ்: நீங்களா?

ஜாஸ்மின்: ...தம்பி போன்ல கேட்டுக்கிட்டே இருப்பான்.

அம்மா: (கீழேயிருந்து) ஜாஸ்மின்... காப்பி ஆறுதுடி.

ராஜேஷ்: அய்யோ, அப்படியே இருக்கு.

ஜாஸ்மின்: எது அப்படியே இருக்கு?

ராஜேஷ்: ...உங்க அம்மா குரல்.

ஜாஸ்மின்: எங்க அம்மா உங்ககிட்ட இன்னும் ஒரு வார்த்தை பேசல. வெக்கப்பட்டுக்கிட்டு அடுப்படியிலயே நின்னாங்க. அவங்க குரல நீங்க எங்க கேட்டீங்க?

ராஜேஷ்: பாலாறு லைன். யூட்யூப் சேனல். மொகம் வராது. ரெண்டு கை மட்டும் வரும், வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். மலை ஒட்டற வீடியோவுல பின்னாடி ஒரு அம்மா கூப்புடுவாங்க, "ஜாஸ்மின், சோறு ஆறுதுடி"ன்னு. அன்னிக்குத்தான் அந்தக் கைக்கு ஒரு பேரு கெடச்சது.

ஜாஸ்மின்: அப்ப, கதவ தொறக்கும்போதே உங்களுக்குத் தெரியும்.

ராஜேஷ்: தெரியும்.

ஜாஸ்மின்: "பொம்மை ரயிலா"ன்னு கேட்டீங்களே.

ராஜேஷ்: கார்ல வரும்போதே எங்க அம்மா சத்தியம் வாங்காத குறைதான். "அங்க போய் ரயிலப் பத்தி வாயத் தொறக்காத. போன தடவ பொண்ணு வீட்ல, பையன் ஒரு மாதிரின்னு சொல்லி அனுப்பிட்டாங்க"ன்னாங்க.

ஜாஸ்மின்: அங்க போய் இன்னா பேசினீங்க?

ராஜேஷ்: அவங்க ஷோகேஸ்ல ஒரு பழைய தகர ரயில் பெட்டி இருந்தது. ஒரே ஒரு பெட்டி. இன்ஜின் எங்க, மத்த பெட்டி எங்கன்னு கேட்டேன். ...திரும்பத் திரும்பக் கேட்டுட்டேன் போல.

ஜாஸ்மின்: பொண்ணு பேர கேட்டீங்களா?

ராஜேஷ்: மறந்துட்டேன்.

ஜாஸ்மின்: சிரிக்க வைக்காதீங்க. நான் ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. நீங்க ரயிலுக்காக வந்தீங்களா, எனக்காக வந்தீங்களா?

ராஜேஷ்: ...

ஜாஸ்மின்: யோசிக்கறீங்க.

ராஜேஷ்: சரியா சொல்லணும்னு யோசிக்கறேன். ஆரம்பத்துல ரயிலுக்காகத்தான் பாத்தேன். பொய் சொல்லல. அப்புறம் அந்தப் பாலம் வீடியோ வந்தது. மொத தடவ பாலத்து மேல ரயில விட்டீங்க. பாதி தூரம் போனதும் பாலம் அப்படியே உக்காந்துடுச்சி.

ஜாஸ்மின்: அது... பசை சரியா காயல.

ராஜேஷ்: வேற யாரா இருந்தாலும் அத வெட்டிட்டு, அப்புறம் நல்லா ஓடினத மட்டும் போட்டிருப்பாங்க. நீங்க சிரிச்சீங்க. கேமராவே குலுங்குது, அவ்ளோ சிரிப்பு. அந்த சிரிப்போடயே போட்டீங்க. டியூட்டிக்கு நடுவுல அத எத்தன வாட்டி பாத்திருப்பேன்னு கேக்காதீங்க.

ஜாஸ்மின்: ...கேக்கல.

ராஜேஷ்: ரயில வேற எங்கயாவது பாத்துக்கலாம். அந்த சிரிப்புக்கு வேற எங்க போவேன்?

ஜாஸ்மின்: தம்பிக்கு ரயிலுன்னாலே ஆவாதுங்க. அவனுக்கு கிரிக்கெட்டுதான். இது எல்லாம் என்னோடது.

ராஜேஷ்: தெரியும். ஆனா நீங்க தம்பி தம்பின்னு சொன்னது கேக்க நல்லா இருந்தது. எப்படி ஆரம்பிச்சீங்க?

ஜாஸ்மின்: கொரோனா அப்ப பாக்டரிய மூடிட்டாங்க. ரயிலும் நின்னுடுச்சி. இந்த வீட்ல எந்நேரமும் ரயில் சத்தம் கேக்கும், அது இருக்கறதே தெரியாது. நின்ன பிறகுதான் தெரிஞ்சது. வீடே செவிடான மாதிரி ஆயிடுச்சி. சரி, ஊர்ல ஓடலன்னா நான் ஒண்ணு ஓட்டறேன்னு மொத பலகைய போட்டேன். ...உங்களுக்கு?

ராஜேஷ்: என்கிட்ட ரயில் இருக்கு. லைன் இல்ல. கட்டிலுக்கு அடில ஒரு டிரங்குப் பெட்டி, அது நிறைய பழைய இன்ஜின். ஓடறதுக்கு ஒரு அடி தண்டவாளம் கெடையாது. போடறதுக்கு அம்மா விடல.

ஜாஸ்மின்: ஓடாத ரயில வெச்சிக்கிட்டு இன்னா பண்ணுவீங்க?

ராஜேஷ்: எடுப்பேன். தொடைப்பேன். மறுபடி உள்ள வைப்பேன்.

ஜாஸ்மின்: பாவம்.

ராஜேஷ்: நானா?

ஜாஸ்மின்: இன்ஜின்.

ராஜேஷ்: ...அதுவும் சரிதான்.

ஜாஸ்மின்: இப்பவே சொல்லிடறேன். கல்யாணம்னு ஆனா இத விட்டுட்டு வர மாட்டேன். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். பீரோ வேணாம், கட்டில் வேணாம், இத அனுப்புங்கன்னு.

ராஜேஷ்: செவுத்தோட அடிச்சிருக்கே. எப்படி வரும்?

ஜாஸ்மின்: குனிஞ்சு அடில பாருங்க.

ராஜேஷ்: ...போல்ட்டு. ஆணியே இல்லயா?

ஜாஸ்மின்: ஒண்ணு கூட இல்ல. பலகை பலகையா கழட்டி எடுத்துட்டுப் போலாம். ஆரம்பத்துலயே அப்படித்தான் போட்டேன். எங்கயோ போகப் போறோம்னு தெரியும். போற எடத்துல பாலாறு வேணும்ல.

ராஜேஷ்: எங்க வீட்டு மாடி ரூம் பதினாலுக்குப் பதினொண்ணு. கதவு உள்பக்கம் தொறக்குது. அத வெளிப்பக்கமா மாத்திட்டா, இந்த மலை மூலைல கச்சிதமா உக்காந்துடும்.

ஜாஸ்மின்: நான் இன்னும் சரின்னே சொல்லலயே.

ராஜேஷ்: அளந்து மட்டும்தான் வெச்சிருக்கேன்.

ஜாஸ்மின்: உங்க அம்மா?

ராஜேஷ்: கீழ போனதும் சொல்லிடறேன், பொண்ணுக்கும் அதே வியாதிதான்னு. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்கன்னு நிம்மதி ஆயிடுவாங்க.

ஜாஸ்மின்: வியாதியா?

ராஜேஷ்: அவங்க வார்த்தைங்க.

அம்மா: (கீழேயிருந்து) ஜாஸ்மின்... காப்பிய மறுபடி சுட வெச்சிருக்கேன்.

ஜாஸ்மின்: வர்றோம்மா.

ராஜேஷ்: "வர்றோம்"னீங்க.

ஜாஸ்மின்: ரெண்டு பேர்தானே இருக்கோம். வேற எப்படி சொல்றது?

ராஜேஷ்: ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்குங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரு பேரு, ரெண்டு கை, ஷூ பாக்டரில இருந்து வர்ற தோல் துண்டு. ஆம்பூர்ல எத்தன ஜாஸ்மின் இருப்பாங்க? எங்க பியூலா அத்தை இதே ஊர்தானே, அவங்ககிட்ட தயங்கித் தயங்கி கேட்டேன், ஷூ பாக்டரில வேலை பாக்கற ஜாஸ்மின்னு ஒரு பொண்ண விசாரிக்க முடியுமான்னு. நான் கேட்டு முடிக்கல... பைபிள தொறந்து ஒரு போட்டோவ எடுத்து நீட்டினாங்க. பாத்தா, மணிக்கட்டுல வீடியோவுல வர்ற அதே கறுப்பு வாட்ச்சு. "கர்த்தர் குடுத்த எடம்டா"ன்னாங்க. எனக்கு ஒடம்பே சிலிர்த்துப் போச்சு.

ஜாஸ்மின்: கர்த்தர் குடுத்த எடம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா போட்டோவ கொண்டு போய் குடுத்தது சங்கீதா. பாக்டரில என் பக்கத்து டேபிள், உங்க அத்தை வீட்டுக்கு எதிர் வீடு. பாலம் விழுந்த வீடியோவுக்கு எல்லாரும் "அச்சச்சோ, பாவம்"னு எழுதியிருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் "சிரிச்சது நல்லா இருந்தது"ன்னு எழுதினீங்க. அந்தக் கமென்ட் பக்கத்துல உங்க மொகத்த என் போன்ல பாத்துட்டு, "இது பியூலா அக்காவோட அண்ணன் பையனாச்சே"ன்னா அவ. அன்னிக்கே என் போட்டோவ அவகிட்ட குடுத்தனுப்பிட்டேன். தம்பி தம்பின்னு சொன்னதெல்லாம், நீங்க எவ்ளோ நேரம் தாங்கறீங்கன்னு பாக்கத்தான். நீங்க அத்தைகிட்ட வாயத் தொறக்கறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே நான் அந்த பைபிள்ல உக்காந்துட்டேங்க... நீங்கதான் லேட்டு.